கணினிக் காவலனும் பொய் எச்சரிக்கையும்

காவல் தொழிலில் இருவகைப் பிழை உண்டு. கள்வனைக் கண்டும் விட்டுவிடுதல் ஒன்று. கள்வனல்லாதவனைக் கள்வனெனப் பிடித்தல் மற்றொன்று. முன்னதை உலகம் பெரிதாகப் பேசும். பின்னதைச் சிறு குறையென்று தள்ளிவிடும். கணினிகளைக் காக்கும் மென்பொருள்களைப் பற்றிய பேச்சிலும் இதுவே நிலை. வைரஸ் எனப்படும் நச்சுநிரல் புகுந்து கோப்புகளை அழித்தால், அச்செய்தி நாளேட்டின் முதற்பக்கத்தில் வரும். நல்ல கோப்பொன்றை நச்சென்று கூறித் தடுப்பு மென்பொருளே முடக்கிவிட்ட செய்தி பலர் கண்ணிற் படுவதேயில்லை. இன்று நம் பள்ளிகளில் வருகைப் பதிவும் தேர்வுப் புள்ளிகளும் வினாத்தாள்களும் கணினியிலேயே இருக்கின்றன. ஆகவே, இவ்விரண்டாம் பிழை ஏன் நேர்கிறது, நேர்ந்தபோது செய்யத்தக்கது யாது என்பவற்றை ஆசிரியர்கள் அறிந்திருத்தல் நலம்.

தமிழாசிரியர்களுக்கு இப்பொருள் முற்றிலும் புதியதன்று. மணிமேகலையின் இருபத்தேழாம் காதையில், அளவைவாதி அறிவில் நேரும் குற்றங்கள் எட்டு என வகுத்துரைக்கின்றான். அவற்றுள் நான்கு நமக்கு ஈண்டுப் பயன்படும். சிப்பியை வெள்ளியென்று கொள்வது போல ஒன்றை மற்றொன்றாகக் கொள்ளுதல் திரியக்கோடல். எதிரே நிற்பது கட்டையோ மனிதனோ என்று துணியாது மயங்குதல் ஐயம். ஆராயாமலே அக்கட்டையை மனிதன்தான் என்று முடிவுகட்டுதல் தேராது தெளிதல். கொடிய புலி முன்னே நின்றும் அஃது இன்னதென்று அறியாதிருத்தல் கண்டுணராமை. கணினிக் காவலன் நச்சுநிரலைத் தவறவிடுவது கண்டுணராமை. நல்ல நிரலை நச்சென்பது திரியக்கோடல். ஆயின், இவ்விரண்டையும்விட நாம் கருத்திற்கொள்ள வேண்டியது வேறொன்று. தடுப்பு மென்பொருளின் உள்ளே நிகழ்வது பெரும்பாலும் ஐயமே. திரையில் அது பேசுவதோ தெளிந்தவன் குரலில். “ஐயத்திற்கிடமானது” என்று கூற வேண்டிய இடத்தில் “ஆபத்து கண்டறியப்பட்டது” என்று சிவப்பு எழுத்தில் முழங்குகிறது. இதனால் வரும் தொல்லைதான் இக்கட்டுரையின் பொருள்.

காவலன் அடையாளம் காணும் முறை

நம் தோட்டத்து ஜாகாவிடம் ஒரு கள்வனின் அடையாளத்தைச் சொல்லி வைக்கிறோம் என்று கொள்க. “இடக் கன்னத்தில் தழும்பு, நீலச்சட்டை, கையில் சாக்குப்பை” என்கிறோம். மூன்றும் பொருந்தினால்தான் பிடிக்க வேண்டும் என்றால், கள்வன் சட்டையை மாற்றிக்கொண்டு தப்பிவிடுவான். தழும்பு ஒன்றே போதும் என்றால், பால்வெட்டுக் கத்தி பட்டுக் கன்னத்தில் தழும்பேறிய நல்ல தொழிலாளியும் மாட்டிக்கொள்வார். தடுப்பு மென்பொருளின் மிகப் பழைய முறை இதுவே. ஆய்வுக்கூடத்தில் நச்சுநிரலொன்றின் உடலிலிருந்து ஒரு சிறு பகுதியை அடையாளத் தொடராக எடுத்துப் பட்டியலில் சேர்க்கிறார்கள். எந்தக் கோப்பில் அத்தொடர் தென்படினும் எச்சரிக்கை எழும். தொடர் நீண்டதாயின் சிறு மாற்றம் செய்யப்பட்ட நச்சுநிரல் தப்பும். குறுகியதாயின் நல்ல நிரலொன்றிலும் அது தற்செயலாக அமைந்துவிடக்கூடும்.

நச்சுநிரல் எழுதுவோர் ஒவ்வொரு நாளும் உருமாற்றம் செய்துகொண்டே இருப்பதால் அடையாளத் தொடர் மட்டும் போதவில்லை. எனவே நடத்தையைப் பார்க்கும் முறை வந்தது. ஒரு நிரல் பிற நிரல்களுள் நுழைகிறதா, விசைப்பலகையில் தட்டும் எழுத்துகளைக் கவனிக்கிறதா, தன்னுடலைச் சுருக்கி மறைத்து வைத்திருக்கிறதா என்றெல்லாம் பார்த்து மதிப்பெண் இடுவர். மதிப்பெண் ஒரு வரம்பைத் தாண்டினால் எச்சரிக்கை எழும். இதிலும் சிக்கல் உண்டு. கோப்பின் அளவைக் குறைப்பதற்காகச் சிறு மென்பொருள் செய்வோர் தம் நிரலைச் சுருக்கிக் கட்டுவது வழக்கம். தம்மை மறைத்துக்கொள்ள நச்சுநிரல் செய்வோர் கையாளுவதும் அதே வழிதான்.

தமிழ்த் தட்டச்சுக்கு உதவும் சிறு மென்பொருள்களை எண்ணிப் பார்ப்போம். நாம் ஆங்கிலப் பலகையில் ‘க’வுக்குரிய விசையைத் தட்டினால், அந்தத் தட்டலை இடைமறித்து வாங்கித் தமிழெழுத்தாக மாற்றித் தருவதே அதன் பணி. கடவுச்சொற்களைத் திருடும் ஒற்றன் நிரலும் விசைத் தட்டல்களை இடைமறித்துத்தான் வாங்குகிறது. ஒன்று எழுத்தை மாற்றித் தருகிறது. மற்றொன்று எழுத்தைக் களவாடி வெளியே அனுப்புகிறது. செயல் ஒன்று, நோக்கம் வேறு. நோக்கத்தைக் காணும் கண் காவலனுக்கு இல்லை.

இவ்விடத்தில் எங்கள் பள்ளிக் கணினி அறையில் ஈராண்டுக்கு முன் நிகழ்ந்த ஒன்றைக் கூறலாம். ஒரு திங்கட்கிழமை காலையில் ஆறு கணினிகளில் ஒரே நேரத்தில் தமிழ்த் தட்டச்சு நின்றுபோயிற்று. பல்லாண்டு காலம் தொல்லையின்றிப் பயன்பட்டுவந்த சிறு மென்பொருளைக் காவலன் “விசை ஒற்றன்” என்று கூறித் தூக்கிச் சென்றிருந்தான். இளைய ஆசிரியர் ஒருவர், “ஐயா, இந்தத் தடுப்பையே நிறுத்திவிடட்டுமா? பிள்ளைகள் காத்திருக்கிறார்கள்” என்றார். மற்றோர் ஆசிரியை, “வேண்டாங்க ஐயா, அந்தத் தட்டச்சையே எடுத்துவிடுவோம், பயமாக இருக்கிறது” என்றார். இருவர் கூற்றிலும் நியாயம் இருந்தது; ஆனால் இருவரும் ஐயத்தைத் தெளிவாகக் கொண்டுவிட்டனர். அன்று பிள்ளைகளைக் கையால் எழுதச் சொல்லிவிட்டுக் கோப்பை ஆராய்ந்தோம். செய்தவரின் சொந்தத் தளத்திலிருந்து அதே பதிப்பை மீண்டும் இறக்கி இரண்டையும் ஒப்பிட்டபோது, எள்ளளவும் வேறுபாடில்லை. தடுப்பு மென்பொருள் நிறுவனத்துக்கு அக்கோப்பை அனுப்பி முறையிட்டோம். சில நாட்களில் வந்த புதுப்பிப்பில் அந்த எச்சரிக்கை நீங்கிற்று.

மூன்றாவது முறை ஒன்று உண்டு. தமிழ் கூறும் நல்லுலகம் கவலைப்பட வேண்டியது இதைப் பற்றியே என்பது என் கருத்து. ஒரு கோப்பை உலகில் எத்தனை பேர் பயன்படுத்துகின்றனர், எத்தனை நாளாகப் பயன்படுத்துகின்றனர் என்று பார்த்து நன்மதிப்பு அளிக்கும் முறை அது. கோடிக்கணக்கானோர் வைத்திருக்கும் கோப்பு நல்லது; யாரும் அறியாத கோப்பு ஐயத்துக்குரியது. விண்டோஸில் அமைந்துள்ள ஸ்மார்ட்ஸ்கிரீன் என்னும் பகுதி, அறிமுகமில்லாத நிரலை இறக்கினால் தடுத்து நிறுத்திக் கேட்பது இம்முறையால்தான். பொதுவாக இது நல்ல முறையே. புதிதாய்ப் பிறந்த நச்சுநிரலுக்கும் பழக்கம் இராதன்றோ? ஆனால், ஆசிரியர் ஒருவர் தம் வகுப்புக்கென ஒரு சொல் விளையாட்டு மென்பொருளைச் செய்து பத்துப் பள்ளிகளுக்குக் கொடுத்தால், அதற்கும் உலக அறிமுகம் இல்லை. நிரலுக்கு மின்கையொப்பமிட்டுத் தம்மை இன்னாரென நிறுவலாம். அதற்குரிய சான்றிதழைக் கட்டணம் செலுத்தி வாங்க வேண்டும். சிறு மொழியின் சிறு மென்பொருள் சிறுமையினாலேயே குற்றவாளிக் கூண்டில் ஏறுகிறது. இதில் யாருக்கும் பகைமை இல்லை. கணக்கு அப்படி அமைந்திருக்கிறது.

கணக்கும் தருக்கமும்

கணக்கு என்றதும் நினைவுக்கு வருகிறது. காவலன் மிகத் திறமையானவன் என்றே வைத்துக்கொள்வோம். நல்ல கோப்புகளுள் பத்தாயிரத்துக்கு ஒன்றில்தான் பிழைபடுவான். ஒரு கணினியில் 200,000 கோப்புகள் உள்ளன என்க. அவற்றுள் இரண்டே நச்சு. அவ்விரண்டையும் அவன் தவறாது பிடிக்கிறான். எஞ்சிய நல்ல கோப்புகளுள் ஏறத்தாழ இருபதையும் பிடிப்பான். ஆக எழுந்த எச்சரிக்கைகள் இருபத்திரண்டு, மெய்யானவை இரண்டு. இவ்வெண்கள் கணக்குக்காக நான் கொண்டவையே. ஆயினும் உண்மை இதனுள் இருக்கிறது. தேடப்படும் பொருள் மிக அரிதாயின், மிகச் சிறிய பிழையும் பொய் எச்சரிக்கைகளைக் குவித்துவிடும். ஆறாம் ஆண்டு மாணவர்க்கு விழுக்காடு கற்பிக்கும்போது இதனைக் கரும்பலகையில் போட்டுக் காட்டலாம், வியப்படைவார்கள்.

அப்படியாயின், பிழையே செய்யாத காவலனை அறிவியலார் ஒருநாள் படைத்துவிடமாட்டார்களா? மாட்டார்கள். பொதுநிலையில் அஃது இயலாதென்பதை அமெரிக்காவின் தென்கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவராயிருந்த பிரெட் கோகன் 1984ஆம் ஆண்டிலேயே தருக்கமுறையில் காட்டினார். அவர் வாதத்தின் சாரம் இது. எந்நிரலைக் கொடுத்தாலும் “நச்சு” அல்லது “நச்சன்று” என்று பிழையின்றித் தீர்ப்புக் கூறும் நடுவர் ஒருவர் இருப்பதாகக் கொள்வோம். இப்போது ஒரு குறும்புக்காரன் நிரலொன்று எழுதுகிறான். அந்நிரல் முதலில் நடுவரிடம் “நான் யார்?” என்று கேட்கும். “நீ நச்சு” என்றால் ஒன்றும் செய்யாமல் அடங்கியிருக்கும். “நீ நச்சன்று” என்றால் உடனே பரவத் தொடங்கும். நடுவர் எதைச் சொன்னாலும் அது பொய்யாகிறது. ஆகவே அத்தகைய நடுவர் இருத்தல் இயலாது. இருவகைப் பிழைகளுள் ஏதேனும் ஒன்றையாவது எக்காவலனும் ஓரளவு செய்தே தீர்வான். எதை மிகுதியாகச் செய்வது, எதைக் குறைவாகச் செய்வது என்பதுதான் செய்வோர் கையில் உள்ளது.

ஊர்கள் முடங்கிய நாள்

நிற்க. பொய் எச்சரிக்கை சிறு தொல்லைதானே என்பாருக்காக 2010ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் நாள் நிகழ்ந்ததைச் சற்று விரித்துரைக்கிறேன். மக்காஃபி என்னும் புகழ்பெற்ற தடுப்பு மென்பொருள் நிறுவனம் அன்று 5958 என்னும் எண்ணுடைய புதுப்பிப்பை உலகெங்கும் அனுப்பிற்று. விண்டோஸ் எக்ஸ்பி இயங்குதளத்தின் மூன்றாம் சேவைத் தொகுப்பு அமைந்த கணினிகளில், எஸ்விசிஹோஸ்ட் என்னும் கோப்பை அப்புதுப்பிப்பு வெகோர்ல் என்னும் நச்சுநிரலாகக் கொண்டது. எஸ்விசிஹோஸ்ட் என்பது சாதாரணக் கோப்பன்று. விண்டோஸின் பின்னணிப் பணிகள் பல, வலையிணைப்பு உட்பட, அதன் தோளில் ஏறித்தான் நடக்கின்றன. வீட்டின் நடுத்தூணைக் கள்வன் ஒளிந்திருக்கும் மரமென்று வெட்டியதற்கு ஒப்பாகும் இச்செயல். கணினிகள் தாமே நின்று மீண்டும் தொடங்கின, மீண்டும் நின்றன. வலையிணைப்பும் அறுந்தது.

அறுந்ததால் நேர்ந்த இக்கட்டைக் கவனிக்க வேண்டும். பிழையை நிறுவனம் சில மணி நேரத்தில் உணர்ந்து அப்புதுப்பிப்பைத் திரும்பப் பெற்றுத் திருத்தமும் வெளியிட்டது. ஆனால், வலையிணைப்பே அற்ற கணினிக்குத் திருத்தம் எவ்வழியாகச் செல்லும்? கணினிப் பணியாளர்கள் ஒவ்வொரு மேசையாகச் சென்று கையாலே சரிசெய்ய வேண்டியதாயிற்று. மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் 25,000 கணினிகளுள் 8,000 முடங்கினவென அன்றைய செய்திகள் கூறின. ரோட் தீவு மாநில மருத்துவமனைகள் சிலவற்றில் அவசரமில்லாத அறுவைச் சிகிச்சைகள் தள்ளிவைக்கப்பட்டன. கென்டக்கி மாநிலக் காவலர்கள் தம் வண்டிகளிலுள்ள கணினிகளை அணைத்துவைக்கப் பணிக்கப்பட்டனர். ஆஸ்திரேலியாவில் கோல்ஸ் பேரங்காடி நிறுவனம் பணம் வாங்கும் பொறிகள் இயங்காமையால் சில கடைகளை மூட நேர்ந்தது. பாதிப்புற்றோர் தம் நிறுவன வாடிக்கையாளருள் அரை விழுக்காட்டிற்கும் குறைவு என்று மக்காஃபி கூறிற்று. விழுக்காட்டில் சிறிதுதான், அறுவைக்காகக் காத்திருந்த நோயாளிக்கு அந்த விழுக்காடு என்ன ஆறுதல் தரும்?

காரணமும் வெளிவந்தது. புதுப்பிப்பை வெளியிடுமுன் பல்வகைக் கணினி அமைப்புகளில் இட்டுச் சோதிப்பது வழக்கம். அவ்வேளையில் அச்சோதனை வரிசையில் எக்ஸ்பி மூன்றாம் தொகுப்பும் மக்காஃபியின் குறிப்பிட்ட பதிப்பும் சேர்ந்த அமைப்பு இடம்பெறவில்லை என்று நிறுவனமே ஒப்புக்கொண்டது. அன்று நிறுவனங்களில் மிகப் பரவலாக இருந்த அமைப்புகளுள் ஒன்று அது!

இதற்கு முன்னும் பின்னும் இத்தகையவை பல. 2007 மே 18இல் சிமான்டெக் நிறுவனத்தின் நார்ட்டன் மென்பொருள், விண்டோஸ் எக்ஸ்பியின் எளிய சீன எழுத்துப் பதிப்பில் மட்டும் இரு அடிப்படைக் கோப்புகளை நச்சென்று நீக்கிற்று. சீனாவில் எண்ணற்ற கணினிகள் தொடங்க இயலாமற் கிடந்தன. ஆங்கிலப் பதிப்பு வைத்திருந்தோர்க்கு ஒன்றும் நேரவில்லை. நூறு கோடிக்கு மேற்பட்டோர் பேசும் மொழிக்கே இந்நிலையென்றால் நம் மொழியின் மென்பொருள்களைப் பற்றிச் சொல்ல வேண்டுவதில்லை. 2011 செப்டம்பர் இறுதியில் மைக்ரோசாஃப்டின் தடுப்பு மென்பொருள், கூகுளின் குரோம் உலாவியைக் கடவுச்சொல் திருடனென்று கூறிற்று. 2012 செப்டம்பர் 19இல் நிகழ்ந்தது நகைப்புக்கிடமானது. சோஃபோஸ் நிறுவனத்தின் மென்பொருள் தன்னைத்தானே புதுப்பிக்கும் பகுதியையே நச்சென்று பிடித்துக்கொண்டது. பிழையைத் திருத்தும் புதுப்பிப்பு வரவேண்டிய வாசலை அது தானே அடைத்துக்கொண்டது.

காவலர் பலர் கூடிச் சொன்னால் நம்பலாமே என்று தோன்றும். ஒரு கோப்பைக் கொடுத்தால், எழுபதுக்கும் மேற்பட்ட தடுப்பு மென்பொருள்களின் கருத்தை ஒருங்கே காட்டும் வைரஸ்டோட்டல் என்னும் இணையச் சேவை உண்டு. 2004இல் ஸ்பெயின் நாட்டில் தோன்றி 2012 முதல் கூகுளின் உடைமையாக இருப்பது. பயனுள்ளதுதான். ஆயினும் ஒரு செய்தியை மனத்திற்கொள்ள வேண்டும். ரஷ்யாவின் காஸ்பர்ஸ்கி நிறுவனத்தார் தீங்கற்ற இருபது கோப்புகளைச் செய்து, அவற்றுள் பத்தை மட்டும் நச்சென்று தம் மென்பொருள் கூறுமாறு வேண்டுமென்றே அமைத்து, இருபதையும் அச்சேவைக்கு அனுப்பினர். பத்து நாள் கழிந்ததும் அப்பத்தையும் நச்சென்று கூறிய பிற நிறுவனங்கள் பதினான்கு வரை இருந்தன. இதனை 2010இல் அவர்களே வெளிப்படையாகச் சொன்னார்கள். தேர்வறையில் பதினைந்து தாள்களில் ஒரே தவறான விடை இருந்தால் ஆசிரியராகிய நாம் என்ன முடிவுக்கு வருவோம்? எழுபதில் ஒன்றிரண்டு மட்டும், அதுவும் “பொதுவகை” என்னும் தெளிவற்ற பெயரால் குற்றஞ்சாட்டினால் பொய்யாயிருக்கும் வாய்ப்பு மிகுதி. நாற்பது ஐம்பது கூறினால் கோப்பைத் தொடாதிருப்பதே அறிவுடைமை. இடைப்பட்ட எண் வந்தால் அது மீண்டும் ஐயமே.

பள்ளியில் செய்யத்தக்கவை

எச்சரிக்கை எழுந்தவுடன் “அழி” என்னும் பொத்தானை அழுத்துதல் கூடாது. “தனிமைப்படுத்து” என்பதையே தேர்க. தனிமைப்படுத்தப்பட்ட கோப்பு இயங்காது, ஆனால் மடிவதுமில்லை, மறுநாள் மீட்கலாம். 2006 மார்ச்சு மாதத்தில் மக்காஃபியின் வேறொரு புதுப்பிப்பு எக்செல் முதலிய நல்ல நிரல்களை நச்சென்றபோது, தனிமைப்படுத்தும்படி அமைத்திருந்தோர் மீட்டுக்கொண்டனர்; அழிக்கும்படி அமைத்திருந்தோர் மீண்டும் நிறுவ நேர்ந்தது. பள்ளிக் கணினிகளின் அமைப்பை இன்றே திறந்து பார்த்து இவ்வொன்றை மாற்றிவைத்தல் எளிது.

அடுத்து, பிடிபட்டது எங்கிருந்து வந்தது என்று கேட்க வேண்டும். பல்லாண்டு பழகிய நிரல், புதுப்பிப்பு வந்த மறுகணமே பல கணினிகளில் ஒருங்கே பிடிபட்டால் பொய் எச்சரிக்கையென ஐயுற இடமுண்டு. நேற்று யாரோ கொடுத்த பென்டிரைவிலிருந்து வந்ததாயின் அவ்வாறு கருத இடமில்லை. செய்தவரின் தளத்திலிருந்து அதே கோப்பை மீண்டும் இறக்கி ஒப்பிடுக. கோப்புக்கு 64 எழுத்துகள் கொண்ட ‘கைரேகை’ ஒன்றை விண்டோஸிலேயே கணித்துக்கொள்ளலாம். பெரிய கோப்பில் ஓரெழுத்து மாறினும் கைரேகை முழுதும் மாறிவிடும். இரண்டும் ஒன்றாயின், இடையில் எவரும் கை வைக்கவில்லை என்பது உறுதி. செய்தவர் நல்லவரா என்பதை இது சொல்லாது. அதை வேறு வழியால்தான் அறிய வேண்டும்.

காவலையே நிறுத்திவிடுதல் ஒருபோதும் தகாது. “புலி வருது, புலி வருது” என்ற சிறுவனின் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லுகிறோம். அச்சிறுவன் வேண்டுமென்றே பொய்யுரைத்தான்; ஊராரோ உண்மையிலேயே புலி வந்த நாளில் அசையாதிருந்தனர். காவலன் பொய்யுரைக்கவில்லை, பிழைபடுகிறான். ஆயினும் கேட்போர் உள்ளம் மரத்துப்போவது இரண்டிலும் ஒன்றே. கயவர் இதனை நன்கறிவர். திருட்டு மென்பொருள்களுடன் வரும் குறிப்புகளில், “நிறுவுமுன் தடுப்பை நிறுத்திவிடுக; எழுவது பொய் எச்சரிக்கையே” என்று எழுதியிருப்பதைக் காணலாம். பூட்டை உடைக்க வந்தவனே நாய் குரைப்பதைப் பொருட்படுத்தாதீர் என்று சொல்லுவதுதான் இது. விலைகொடுத்து வாங்க வேண்டிய மென்பொருளை இலவசமாக எவரேனும் தந்தால், அதன்மீது எழும் எச்சரிக்கையைப் பொய்யென்று கொள்ளவே கூடாது.

காவலன் உண்மையிலேயே பணி செய்கிறானா என்று பார்க்கவும் ஒரு வழி உண்டு. அறுபத்தெட்டு எழுத்துகளாலான ஐகார் என்னும் சோதனைக் கோப்பை எல்லாத் தடுப்பு மென்பொருள்களும் நச்சென்றே கூறுமாறு செய்வோர் தமக்குள் உடன்பட்டுள்ளனர். அதில் தீங்கு ஏதுமில்லை. வேண்டுமென்றே எழுப்பும் பொய் எச்சரிக்கை என்று அதனைக் கூறலாம்; பள்ளியில் தீயணைப்பு ஒத்திகை நடத்துவது போல.

பொய் எச்சரிக்கையெனத் தோன்றினால் தடுப்பு மென்பொருள் நிறுவனத்துக்கு எழுதுங்கள். பெரும்பாலான நிறுவனங்கள் இதற்கெனத் தனிப்படிவம் வைத்துள்ளன; ஒரே ஆசிரியர் எழுதினாலும் பார்க்கிறார்கள். தமிழ் மென்பொருள் செய்வோர் பலர் தனியாட்கள். நாம் எழுதித் தெரிவிக்காவிடில் அவர்கள் உழைப்பு சிவப்பு எழுத்தின் கீழே கிடக்கும். ஆனால் அனுப்பும்போது ஓர் எச்சரிக்கை தேவை. வைரஸ்டோட்டல் போன்ற சேவைக்கு ஏற்றிய கோப்பைக் கட்டணம் செலுத்தும் பிற நிறுவனத்தாரும் எடுத்துப் பார்க்க இயலும். ஆகவே, பிடிபட்டது நிரலாயின் அனுப்பலாம். மாணவர் பெயரும் அடையாள அட்டை எண்ணும் பெற்றோர் வருமானமும் அடங்கிய எக்செல் கோப்பு பிடிபட்டிருந்தால், அதனை அப்படியே ஏற்றுதல் கூடாது. விவரங்களை நீக்கிய படியொன்றைச் செய்து, அதிலும் எச்சரிக்கை எழுகிறதா என்று பார்த்து, எழுந்தால் அந்தப் படியை மட்டும் அனுப்புக.